இருநூறு வில்லைகளும் சாவித்திரி டீச்சரின் கைகளும்

"என்னைத் தொடாதீர்கள்" என்று சொல்லக்கூடிய இருநூறு பீங்கான் வில்லைகள் எனக்குத் தேவைப்பட்டன. அதற்காகத்தான் மலேசியாவின் கிள்ளானிலிருந்து விருத்தாசலம் போனேன். சென்னை விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது, சொந்தக்காரர்களைப் பார்க்க என்று சொல்லிவிட்டேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் என்னை ஓரமாக உட்காரவைத்திருப்பார்.

கிள்ளானில் ஒரு மாடிக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக யோகா சொல்லிக்கொடுக்கிறேன். கூடம் திருமதி லிம்முடையது. வாயும் கையும் என்னுடையவை. குனிந்திருக்கும் முதுகு ஒன்றைப் பார்த்துவிட்டால் என் கை தானாகப் போய் அமுக்கிவிடும். அதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு. என்னிடம் ஏழு வருடம் படித்த மேகலா இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. "வேலை அதிகம் டீச்சர்" என்று வாட்ஸப்பில் ஒரு வரி மட்டும் வந்தது. மூன்று மாதம் கழித்து திருமதி லிம் என்னைக் கூப்பிட்டு, நீ அமுக்குவது மேகலாவுக்குப் பிடிக்கவில்லையாம், அதனால்தான் நின்றுவிட்டாளாம் என்றார். இனிமேல் ஒவ்வொருவர் பாயின் தலைமாட்டிலும் ஓர் அட்டை இருக்கும். ஒரு பக்கம் தெரிந்தால் ஆசிரியர் தொட்டுத் திருத்தலாம், மறுபக்கம் தெரிந்தால் கூடாது. பல நாடுகளில் இப்போது இதுதான் வழக்கமாம்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஏழு வருடம் வாயைத் திறக்காதவள் நேராக முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். கை வைக்காமல் யோகா சொல்லிக்கொடுக்க நான் எதற்கு? ஒரு வானொலிப் பெட்டியை வைத்துவிடலாமே! அட்டைகள் முதல் வாரமே மின்விசிறிக் காற்றில் பறந்தன. "கொஞ்சம் கனமாக ஏதாவது ஏற்பாடு செய்" என்றார் திருமதி லிம். விருத்தாசலத்தில் என் தங்கை முறையான புஷ்பாவின் கணவர் பீங்கான் பட்டறை வைத்திருக்கிறார், நானே போய்ச் செய்து கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் பெட்டியைக் கட்டினேன். வில்லைகளைக் கொண்டுவந்து திருமதி லிம் கையில் கொடுத்துவிட்டு வகுப்பை விட்டுவிடலாம் என்பதுதான் உள்ளூர என் எண்ணம். அதை அவரிடம் சொல்லியும் விட்டேன். "போய் வந்து முடிவாகச் சொல்" என்றார்.

புஷ்பாவின் கணவர் தனசேகர் தொழிற்பேட்டையில் வரிசையாக நிற்கும் பட்டறைகளில் ஒன்றின் சொந்தக்காரர். ஒரு பக்கம் மின்சாரப் பலகைக்கான ஃபியூஸ் கட்டைகள், இன்னொரு பக்கம் ஊதுவத்தி செருகும் யானைகள், நடுவே மாவு மில்லுக்குள் வந்துவிட்டது போல எங்கும் வெள்ளைத் தூசி. என் கைப்பையில் இருந்த படத்தை எடுத்துக் காட்டினேன். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம், அவ்வளவுதான்.

"என்னா அண்ணி இது, டீ கிளாசுக்கு அடியில வக்கிறதா?"

இதன் பயன் என்ன என்று விளக்கினேன். அச்சில் களிமண்ணை அழுத்திக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். தனசேகர் கன்னத்தைச் சொறிந்தார்.

"ஏன், அவங்களுக்கு வாய் இல்லியா?"

"அதையேதான் நானும் கேட்டேன்" என்றேன். அந்த நிமிடத்திலிருந்து அவரை எனக்குப் பிடித்துப்போனது.

ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு, இரண்டும் பளபளவென்று இருக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ரெண்டு பக்கமும் கிளேஸ் பூச்சு போட முடியாது அண்ணி. சூளையில உருகி அடித்தட்டோட ஒட்டிக்கும். துணி போடாம இட்லி ஊத்துனா எடுக்க வருமா?" ஆகவே ஒரு பக்கம் வழவழப்பான நீலம், மறுபக்கம் எதுவும் பூசாத வெறும் வெள்ளை என்று முடிவானது. நீலம் என்றால் தொடலாம், வெள்ளை என்றால் வேண்டாம். காய்ந்து, சூளைக்குள் போய், ஆறி வெளியே வர நான்கைந்து நாள் ஆகும் என்றார்.

அன்று இரவுச் சாப்பாடு பரோட்டா. எங்கள் ஊரில் இதையே ரொட்டி சானாய் என்று கேட்டால் குழம்பைச் சின்னத் தட்டில் தனியாக, மரியாதையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். இங்கே பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது மூழ்கும்வரை சால்னாவை ஊற்றினார்கள். மூன்று சாப்பிட்டேன். பிறகு அவித்த மல்லாட்டை ஒரு முறம் நிறைய வந்தது. வேர்க்கடலையைத்தான் இந்தப் பக்கம் மல்லாட்டை என்கிறார்கள். காலை ஐந்தரைக்கு யோகா கிளாஸ் இருக்கிறது, நீயும் வாக்கா என்று புஷ்பா கூப்பிட்டபோது என்னால் தலையை மட்டுமே ஆட்ட முடிந்தது.

மறுநாள். வகுப்பு நடக்கும் இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். முந்தின நாள் விருந்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. நான் வழக்கம்போல் முன்வரிசையில் பாயை விரித்து உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் பருத்த உடம்புடைய அம்மாள் ஒருவர் என் தலைக்கு நேரே வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். புஷ்பா ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, அது லலிதாம்மா எடம்! பேங்குல இருந்து ரிட்டையர் ஆனதுல இருந்து அங்கதான் உக்கார்றாங்க."

கிள்ளானில் கூடத்துக்குள் வந்துவிட்டால் பேசக்கூடாது, கைப்பேசி வெளியே, யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். இங்கே இடம் மட்டும் நிலையானது, மற்றதெல்லாம் இஷ்டம். சவாசனத்தில் மல்லாந்து கிடந்தபடியே ஒருவர் தன் அண்ணன் மகளுக்கு வந்த வரன் வேறொரு பெண்ணுக்குப் போன கதையைச் சொல்ல, செத்த பிணமாகக் கிடக்க வேண்டிய மற்றவர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

ஆசிரியர் சாவித்திரி டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் இன்னும் விசில் தொங்குகிறது. ஆனால் அவர் குரலுக்கு விசில் தேவையில்லை. கைகள் முறம் முறமாக இருந்தன. வரிசை வரிசையாக வந்து, ஒருவர் முட்டியை அழுத்தி, ஒருவர் தோளைத் திருப்பி, ஒருவர் இடுப்பில் தட்டி, நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார்.

"முதுக நிமித்துடி! கல்யாணத்துல ரெண்டாம் பந்திக்குக் காத்துக் கெடக்கற மாதிரி உக்காந்திருக்க!"

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அட்டை இல்லை, அனுமதி இல்லை, ஆசிரியர் ஆசிரியராக இருக்கிறார். ஒரு படம் எடுத்து, "இதுதான் வகுப்பு" என்று எழுதித் திருமதி லிம்முக்கு அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்தி ஒரு பதில் வந்தது.

என் பக்கத்துப் பாயில் மும்தாஜ் என்ற பெண். சொந்த ஊர் மங்கலம்பேட்டை. கணவர் சவுதியில். பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார். டீச்சர் எங்களுக்கு முந்தின வரிசைக்கு வந்ததும் மும்தாஜ் எழுந்தார்.

"தண்ணி தவிக்குதுக்கா. நீங்களும் வர்றீங்களா?"

"எனக்கு வேண்டாம்மா."

"வந்துடுங்க" என்றார் அழுத்தி.

அப்போதுதான் கவனித்தேன். கூடத்தின் மூலையில் இருந்த தண்ணீர்க் குடத்தைச் சுற்றி ஐந்து பேர் நின்றார்கள். டீச்சர் எந்த வரிசைக்குப் போகிறாரோ அந்த வரிசைக்குத் தாகம் எடுத்தது. ஒருத்தி அவிழாத கொண்டையை அவிழ்த்துக் கட்டினாள். ஒருத்திக்கு இருமல். ஒருத்தி மட்டும் நகர முடியாமல் மாட்டிக்கொண்டு, டீச்சர் கைக்கு அடியிலிருந்து குடத்தை ஏக்கமாகப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீடு திரும்பி இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சிரிப்பு நின்றது. கிள்ளானில் நான் முன்வளையும் ஆசனங்களைத் தொடங்கினால் கழிப்பறை வாசலில் வரிசை நிற்கும். எல்லாரும் வகுப்புக்கு முன் கீழ்க்கடையில் தே தாரிக் குடித்துவிட்டு வருவதுதான் காரணம் என்று நினைத்து, தேநீரின் தீமைகள் பற்றி ஒரு முறை அரை மணி நேரம் பேசியும் இருக்கிறேன். யாரும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நான் மலேசியாவில் யோகா டீச்சர் என்ற செய்தியைப் புஷ்பா போட்டு உடைத்துவிட்டாள். சாவித்திரி டீச்சருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு "மலேசியா டீச்சர்" என்று பேர் வைத்து, முன்வரிசையில் லலிதாம்மாவையே நகரச் சொல்லி இடம் வாங்கிக் கொடுத்தார். தன் வகுப்பின் தரத்தைக் காட்ட வேண்டும் அல்லவா, தனிக் கவனமும் கொடுத்தார். காலை நீட்டிக் குனிந்து பாதத்தைப் பிடித்திருந்தேன். இரண்டு கைகளையும் என் இடுப்புக்கு மேலே வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினார்.

பல வருடம் முன்பு காரில் அடிபட்டதில் எனக்கு முதுகுத்தண்டின் அடியில் வலப்புறம் ஒரு கோளாறு உண்டு. நானே அந்த இடத்தை மெதுவாகத்தான் வளைப்பேன். கண்ணில் பூச்சி பறந்தது. "வேண்டாம் டீச்சர்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். இருநூறு வில்லை செய்யச் சொல்லிவிட்டு வந்தவள், வாய் இல்லையா என்று ஊரைக் கேட்டவள் நான். என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"நல்லா இருக்குதுங்க டீச்சர்."

"பாருங்கடி, மலேசியா டீச்சரே சொல்றாங்க!" என்று மகிழ்ந்துபோய் இன்னொரு முறை அழுத்தினார்.

நான்காம் நாள் விடிகாலை புஷ்பா எழுப்பியபோது, "தலைவலி, நீ போயிட்டு வா" என்று சொல்லிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பொய்க்குத் தண்டனை உடனே கிடைத்தது. திரும்பி வந்த புஷ்பா சுக்கை உரசி நெற்றி முழுக்கப் பற்றுப் போட்டாள். பசி வயிற்றைக் கிள்ளியது, கிடைத்ததோ ரசஞ்சாதம். நெற்றி திகுதிகுவென்று எரிய, உண்மையிலேயே தலை வலிக்கத் தொடங்கியது.

பத்து மணிக்கு வாசலில் அந்தக் குரல் கேட்டது.

"மலேசியா டீச்சருக்கு என்னா ஒடம்புக்கு?"

எந்தக் கைகளுக்குப் பயந்து படுத்திருந்தேனோ அந்தக் கைகள் வீடு தேடி வந்துவிட்டன. எழுந்திருக்க விடவில்லை. கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்து, என் தலையைத் தன் மடிப்பக்கம் இழுத்துவைத்து, பொட்டிலிருந்து உச்சிவரை பிடித்துவிட ஆரம்பித்தார். சும்மா சொல்லக்கூடாது, சுகமாக இருந்தது. என் தலையை யாரும் பிடித்துவிட்டு எத்தனை வருடம் ஆகியிருக்கும்! கண்ணில் நீர் வந்தது. சுக்கு எரிகிறது போல என்று அவரே துடைத்தார்.

பிடித்துவிட்டபடியே பேசினார். "நீங்க வரலன்னதும் எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. போன வருஷம் முப்பத்தெட்டு பேரு வந்தாங்க மலேசியா டீச்சர். இப்ப இருவத்தாறு. பன்னெண்டு பேரு நின்னுட்டாங்க. கேட்டா, வூட்டுல விருந்தாளிங்கறாங்க, புள்ளைக்குப் பரிட்சைங்கறாங்க. ஒருத்தி நின்னுட்டான்னா அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கறதில்ல. நான் என்னா தப்பு பண்றன்னு தெரியலியே. நீங்களும் டீச்சருதான, பாத்தா சொல்லுங்க."

அந்தக் கேள்விக்குப் பதில் அந்த வீட்டில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டீச்சர்" என்றேன்.

அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. "வேலை அதிகம் டீச்சர்" என்று எழுதிய மேகலாவும் இப்படித்தான் எங்கோ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாளா? என் முகத்துக்கு நேரே அவளால் சொல்ல முடியாததை மூன்று மாதம் கழித்துத் திருமதி லிம்மிடம் எப்படியோ சொல்லியிருக்கிறாள். அதற்கு நான் அவளைத் திட்டித் தீர்த்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் நாள் வகுப்பு விடுமுறை. கருவேப்பிலங்குறிச்சியில் தெரிந்த விவசாயி ஒருவரிடம் புஷ்பா மல்லாட்டை சொல்லி வைத்திருந்தாள். நான் போய் வாங்கி வருகிறேன், ஊரைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று தனியாகக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் திட்டக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஜன்னல் ஓர இருக்கை, இதமான காற்று, முந்தின இரவு தூங்காத கண்கள். முழித்துப் பார்த்தால் பஸ்ஸில் யாருமே இல்லை. எதிரே கண்டக்டர் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். திட்டக்குடி.

"ஏன்ப்பா, எழுப்பக் கூடாதா?"

"கருவேப்பிலங்குறிச்சி, கருவேப்பிலங்குறிச்சின்னு மூணு வாட்டி கத்துனங்க! பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு, நீங்க அசையல. தொட்டு எழுப்புனாதான் எழுந்திருப்பீங்க போல இருந்துச்சு. லேடீஸ எப்படிங்க தொடறது?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். ஒரே வாரத்தில் ஒருவர் தொட்டதால் படுக்கையில் விழுந்தேன், இன்னொருவர் தொடாததால் திட்டக்குடிக்கு வந்து சேர்ந்தேன். டீயும் போண்டாவும் வாங்கி அவருக்கும் கொடுத்தேன். அதே பஸ்ஸில் திரும்பினேன். வழியெல்லாம், எந்த ஊர் வந்தாலும், "இது உங்க ஊர் இல்லம்மா, தூங்கிடாதீங்க!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

மல்லாட்டை மூட்டையோடு பட்டறைக்குப் போய் இறங்கும்போது சூளையைத் திறந்து வைத்திருந்தார்கள். தட்டுத் தட்டாக வில்லைகள், இன்னும் இளஞ்சூடாக. நீலம் மழை நின்ற வானம் போல வந்திருந்தது. திருப்பினால் வெள்ளைப் பக்கம் விரலுக்குச் சொரசொரப்பு. கண்ணை மூடிக்கொண்டே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். சிவப்பு வேண்டும் என்று கேட்டது எவ்வளவு முட்டாள்தனம் என்று தனசேகரிடமே ஒப்புக்கொண்டேன். முப்பது வில்லைகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலை வகுப்பு தொடங்கும் முன் சாவித்திரி டீச்சரிடம், எங்கள் ஊருக்காக ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும், உதவுங்கள் என்று கேட்டேன். விளக்கத்தைக் கேட்டுவிட்டு, "சோதனைதான, பண்ணிட்டா போச்சு" என்று தாராளமாகச் சொன்னார். ஆளுக்கொரு வில்லை கொடுத்து, உங்கள் மனசுக்குப் பட்டதை மேலே வையுங்கள் என்றேன்.

எல்லாரும் வைத்தார்கள். இருபத்தாறு பாய், இருபத்தாறும் நீலம். தண்ணீர்க் குடத்துக்கு ஓடும் மும்தாஜும் நீலம், இருமல்காரியும் நீலம். நான் யோசிக்கவே இல்லை: டீச்சர் முன்னால் யாராவது மொட்டைப் பக்கத்தைக் காட்டுவார்களா? மரியாதை இல்லையே! லலிதாம்மா தன் வில்லையில் ஒரு குங்குமப் பொட்டே வைத்துவிட்டார்.

"பாத்தீங்களா?" என்றார் சாவித்திரி டீச்சர் முகமெல்லாம் பல்லாக. "எங்க பொண்ணுங்களுக்கு இதெல்லாம் தேவப்படாது."

அப்படியே விட்டிருக்கலாம். மறுநாள் எனக்கு ரயில். இவர்கள் குடத்தைச் சுற்றி நின்றுகொண்டே காலத்தை ஓட்டுவார்கள். அடுத்த வருடம் இருபத்தாறு பதினைந்தாகும், டீச்சருக்குச் சோறு இறங்காது, ஏன் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. பத்தொன்பது வருடம் மேடையில் நின்று பேசியவளுக்கு ஒரு வில்லையைத் திருப்ப உள்ளங்கை வேர்த்தது. திருப்பினேன். வெள்ளை.

டீச்சர் என் பாய்க்கு முன்னால் வந்து நின்றார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"டீச்சர், எனக்கு முதுகுல பழைய அடி இருக்கு. அன்னைக்கு நீங்க அமுக்கினப்போ உயிர் போயிடுச்சு. மறுநாள் தலைவலின்னு சொன்னது பொய். மன்னிச்சுக்குங்க."

புஷ்பா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" குரல் உடைந்திருந்தது.

"உங்க முகத்தைப் பார்த்தா சொல்ல வரலை டீச்சர். அவ்வளவு ஆசையா அமுக்கினீங்க."

டக் என்று ஒரு சத்தம். பக்கத்தில் மும்தாஜின் வில்லை வெள்ளையாக இருந்தது. பின்வரிசையில் இன்னொரு டக். அப்புறம் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிமெண்டுத் தரையில் டக், டக், டக். பாதிக்குமேல் வெள்ளை. சாவித்திரி டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"இத்தன பேருக்குமா வலிச்சுது?"

"உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றார் மும்தாஜ், அழுகிற குரலில். "கீழ விழுந்ததுல எனக்குத் தோள்ல பிளேட்டு வச்சிருக்குது. இழுத்தா உயிர் போவும்."

"பிளேட்டா! ஒன்றர வருஷமா வர்ற. அத வச்சிக்கிட்டா தெனம் தண்ணி குடிக்கப் போன? நான் ஒனக்குச் சக்கர வியாதின்னுல்ல நெனச்சு சாமிக்கு வேண்டிக்கிட்டு இருக்கேன்!"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. கூடம் முழுக்கச் சிரித்தது, மும்தாஜ் சிரித்தார், டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவே முன்வரிசையிலிருந்து லலிதாம்மா குரல் கொடுத்தார்.

"எனக்கு நீலந்தான், யாரும் திருப்பாதீங்க. நீங்க வந்து அமுக்குங்க டீச்சர். அமுக்கலன்னா என்னா யோகா? எங்க வூட்டுல எவன் அமுக்குறான்?"

அன்றைய வகுப்பு போல ஒன்றை நான் பார்த்ததில்லை. நீலக்காரர்களுக்கு முன்பைவிட இரண்டு மடங்கு அமுக்கல். வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் டீச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "குதிகால தரையில ஊணு, மூச்ச விடு, இன்னும் கொஞ்சம், அங்கியே நில்லு" என்று வாயாலேயே இழுத்து, வாயாலேயே திருப்பினார். கை இரண்டு முறை கட்டை மீறி முன்னால் வந்தது. அவரே தட்டி உள்ளே அனுப்பினார். தண்ணீர்க் குடத்துக்கு ஒருவரும் போகவில்லை.

முடிந்ததும் அவர் வில்லைகளை என்னிடம் திருப்பித் தரவில்லை. "இது இங்கியே இருக்கட்டும்" என்று பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். பிறகு கைப்பேசியை எடுத்தார். நின்றுபோன பன்னிரண்டு பேரில் முதல் ஆளுக்கு அங்கேயே, எல்லார் முன்னாலும், போன் போட்டு மைதானத்துக் குரலில் கேட்டார்: "ஏண்டி சுமதி, விருந்தாளி கதையெல்லாம் வேணாம். ஒனக்கு எங்கடி வலிச்சுது? சொல்லு, நான் உக்காந்து கேக்கறேன்."

உண்மையாகவே உட்கார்ந்துதான் கேட்டார்.

ஏழாம் நாள். நூற்றெழுபது வில்லைகளை வைக்கோல் வைத்து அடைத்த அட்டைப்பெட்டி, கல் போன்ற கனம். தனசேகர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜங்ஷனுக்குக் கூடவே வந்தார். சென்னை வண்டிக்கு இருபது நிமிடம் இருந்தது. விமானம் மறுநாள் இரவுதான். கிள்ளானில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். பெஞ்சில் உட்கார்ந்து மேகலாவின் எண்ணை அழுத்தினேன்.

"டீச்சர்?" என்றாள், பயந்தமாதிரி.

"மேகலா, நான் அமுக்கினதுல உனக்கு எங்கெங்க வலிச்சது?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல டீச்சர். எனக்கு வேலைதான் கொஞ்சம்..."

"வேலைன்னு சொல்லாதேம்மா. நானும் இங்க அதே மாதிரி ஒரு பொய் சொல்லிட்டுப் படுத்துக் கிடந்தேன். சொல்லு. நான் உட்கார்ந்து கேக்கறேன்."

அழுகிறாள் என்று தெரிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"கழுத்துலருந்து ஆரம்பிக்கட்டுமா டீச்சர்?"

ஆரம்பித்தாள். எந்த ஆசனத்தில், என் எந்தக் கை, எந்தக் கிழமை வகுப்பு என்று எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. நான் ம், ம் என்றேன். சில இடங்களில் வாய்விட்டுச் சிரித்தாள், சில இடங்களில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வண்டி வந்து நின்றது. தனசேகர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஏறுங்க அண்ணி, ஏறுங்க என்று கையால் காட்டினார். ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினேன்.

"சொன்னா புரியாது டீச்சர், நேர்ல காட்டணும்லா" என்றாள் மேகலா. "திங்கக்கிழமை கிளாஸ் இருக்குதானே?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு" என்றேன். "நான் இருப்பேன். நீ வந்துடு."

அவள் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. வண்டி ஊதியது, அசைந்தது, பெட்டி பெட்டியாக என்னைக் கடந்து போயே போய்விட்டது. தனசேகர் அட்டைப்பெட்டியை நடைமேடையில் இறக்கிவைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த வண்டி எப்போது என்று விசாரிக்கப் போனார். மேகலா அப்போதுதான் இடது தோளை முடித்துவிட்டு வலது தோளுக்கு வந்திருந்தாள்.